கீழே வைத்தால் நிற்காத சிவப்புக் கண்ணாடிக் குழல்: இது என்ன சாமான்?

குன்னூர் கணக்கர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பழம்பொருள் சேகரிக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. சமீபத்தில் எங்கள் பக்கம் ஒரு பெரிய பங்களா கைமாறியது. உள்ளே கிடந்ததை ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்திருந்தார். தேக்குக் கட்டில், பித்தளை, பீங்கான் எல்லாம் லாரி ஏறியாகிவிட்டது. மிச்சத்தை வராந்தாவில் பரப்பி, வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மூடி போன டீ பாட், ஜோடி சேராத முள்கரண்டிகள், கரையான் அரித்த நரிவேட்டைப் படம், இவற்றுக்கு நடுவே பழைய ஆங்கிலப் பேப்பரில் சுற்றிய ஒரு கண்ணாடி. பிரித்து வெயிலில் பிடித்தேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் 600 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இது என்னவென்று கேட்டதற்கு, "துரை ஊதுற கொம்பு சார்" என்றார். சொன்ன முகத்தில் அவருக்கே நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மனைவி கேட்பது ஒன்றுதான்: "இதை எங்க வைக்கிறது?" நியாயமான கேள்வி. ஏனென்றால் இது நிற்காது. அடியில் தட்டையான பாகமே இல்லை. இப்போதைக்கு ரவை டப்பாவுக்குள் சொருகி வைத்திருக்கிறாள்.

படம் போட்டிருக்கிறேன். ஆனால் என் போனில் சிவப்பெல்லாம் ஆரஞ்சாக விழுகிறது. அதனால் எழுதியும் விடுகிறேன், கணக்கெழுதின கை சும்மா இருக்காது.

வடிவம் அப்படியே ஊமத்தம்பூ. உயரம் 14 அங்குலம். வாயின் அகலம் 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கீழே வர வர ஒடுங்கி, முனையில் முக்கால் அங்குலம்தான். எடை 420 கிராம், மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தது. வாயோரம் பாவாடைக் கரை கணக்காகச் சுருக்கு வைத்திருக்கிறது. ஆனால் சுருக்குகள் ஒரே அளவில் இல்லை, ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் தளர்ச்சி.

நிறம் ஒரே சீராக இல்லை. முனைப்பக்கம் கருஞ்சிவப்பு, மேலே போகப் போக வெளுத்து, வாயோரத்தில் ரோஸ். வெளிப்புறம் ஒரு கண்ணாடிக் கொடி சுற்றிச் சுற்றி ஏறுகிறது. அது சிவப்பு இல்லை, லேசான மஞ்சள் கலந்த பச்சை. கீழே தடித்த ஒரு பொட்டில் ஆரம்பித்து மெலிந்துகொண்டே போய், பாதி உயரத்துக்கு மேல் ஒரு சின்ன வாலோடு முடிகிறது. அதன் மேல் வரிசையாக வெட்டு வெட்டாக அழுத்தின அடையாளம் இருக்கிறது.

முனையில் கடைசி ஒரு அங்குலம் மட்டும் பளபளப்பு இல்லை. விரலால் தடவினால் சொரசொரப்பு. அங்கங்கே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறது, அதற்கு மேல் சுரண்டவில்லை. அடி மூடியிருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் ஒழுகவில்லை. பேர், நம்பர், முத்திரை எதுவும் கண்ணில் படவில்லை.

கிளப்பில் துரைமார் பந்தயம் கட்டி பீர் குடிக்கிற நீளக் கிளாஸ் என்று ஒன்று உண்டு, அதுவோ என்று நான் நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்ன பொருள், எந்த ஊரில் செய்தது, பழசா புதுசா? அப்புறம் முக்கியமாக, ரவை டப்பாவைக் காலி செய்து கொடுக்க என்ன வழி?

கிராமபோன் பித்தன் எழுதியது:

சார், பார்த்ததும் ஹாரன் என்றுதான் தோன்றியது. ஆனால் அடி மூடியிருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் சத்தம் போக வழி இல்லை. கொம்பும் இல்லை, கிராமபோனும் இல்லை. நான் ஒதுங்கிக்கொள்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மணவறை டெக்கரேட்டர் எழுதியது:

கல்யாண மண்டப அலங்காரச் சாமான் வாங்கி விற்பவன் நான். ஃபிரோசாபாத்திலிருந்து கலர் கண்ணாடி ஜாடி வண்டி வண்டியாக வருகிறது. சிவப்பு, நீலம், பச்சை, என்ன கலர் கேட்டாலும் கிடைக்கும். வெள்ளைக் கண்ணாடியில் கலர் ஸ்ப்ரே அடித்து அடுப்பில் வாட்டி எடுப்பார்கள். மேலே வெளுத்து கீழே அழுத்தமாக இருப்பதும் ஸ்ப்ரேயில் செய்யக்கூடியதுதான். பங்களா சாமானோடு சேர்த்து வைத்துவிட்டால் பழசு ஆகிவிடுமா? பழைய பேப்பர் சுற்றுவது பழைய வித்தை. 600க்கு மேல் கொடுக்காதவரை நஷ்டம் இல்லை சார்.

வால்பாறை பேத்தி எழுதியது:

ஐயா, எங்கள் தாத்தா வால்பாறையில் ஒரு பங்களாவில் பட்லராக இருந்தவர். அவர் சொல்லிக் கேட்ட விஷயம் ஒன்று உங்கள் படத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. டின்னர் மேஜை நடுவில் கண்ணாடியிலேயே ஒரு பூ ஸ்டாண்டு இருக்குமாம். நடுவில் உயரமாக ஒரு குழல், அதைச் சுற்றி மூன்று சின்னக் குழல்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாம் ஒரு தட்டில் பித்தளைக் குப்பிகளில் உட்கார்ந்திருக்கும். துரைசாணி அம்மா தோட்டத்துப் பூவையும் பெரணி இலையையும் தன் கையாலேயே வைப்பாராம். கழுவுவது மட்டும் தாத்தா வேலை. குழல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, துணி விரித்த தொட்டியில்தான் கழுவ வேண்டும். ஒன்று உடைந்தால் அந்த மாதச் சம்பளம் அம்போ. "கலியாணத்துக்கு முந்தி கை நடுங்கினது அந்தக் குழலைக் கழுவும்போது மட்டும்தான்" என்பார்.

உங்களுடையது நடுக்குழலா, பக்கக் குழலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வகைதான் என்று தோன்றுகிறது.

திருச்சி ஊதுகுழல் எழுதியது:

பேத்தி சொன்னது சரி. பட்லர் தாத்தாவுக்கு ஒரு வணக்கம்.

என்னைப் பற்றி ஒரு வரி: கல்லூரி வேதியியல் துறையில் ப்யூரெட், கண்டென்சர் என்று லேப் கண்ணாடிச் சாமான் ஊதிக் கொடுத்துக் காலம் கழித்தவன். மகள் இங்கிலாந்தில் டட்லி பக்கம் இருக்கிறாள். அங்கே போனால் பேரப்பிள்ளைகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஸ்டவர்பிரிட்ஜ் கண்ணாடி மியூசியத்தில்தான். 2022இல் வேர்ட்ஸ்லியில் திறந்தார்கள். எதிரிலேயே ரெட் ஹவுஸ் கூம்பு, செங்கல்லில் கட்டிய பழைய உலைக் கோபுரம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

எல்லாரும் வாயோரச் சுருக்கையும் சிவப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் உங்கள் மூன்றாவது படத்தை, அந்த அழகில்லாத முனையைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சொரசொரப்பு தேய்மானம் இல்லை. சாணைக்கல்லில் வேண்டுமென்றே தேய்த்தது. எங்கள் லேபில் கூஜா மூடியையும் கழுத்தையும் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்கார வைக்க இப்படித்தான் தேய்ப்போம். எதற்குள்ளோ இறங்குவதற்காகத் தேய்த்த முனை அது. வெள்ளைத்தூள் சுண்ணாம்பு இல்லை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆக இருக்கும். பித்தளைக் குப்பியை அதில் வைத்துத்தான் ஒட்டுவார்கள். ஆக, உங்கள் கையில் இருப்பது முழுப் பொருள் இல்லை, ஒரு பெரிய பொருளின் உறுப்பு. அதனால்தான் அது தனியாக நிற்க மறுக்கிறது.

முழுப் பொருளுக்கு எப்பெர்ன் என்று பெயர். பழைய எப்பெர்ன்கள் வெள்ளியில் செய்தவை, பழமும் மிட்டாயும் வைப்பதற்கு. விக்டோரியா ராணி காலத்தில் அது கண்ணாடிக்கு மாறி, பூ ஸ்டாண்டு ஆனது. காரணம் சாப்பாடு பரிமாறும் முறை மாறியதுதான். முன்பெல்லாம் எல்லாப் பதார்த்தங்களையும் மேஜையில் அடுக்கிவிடுவார்கள். அப்புறம் ரஷ்ய முறை வந்தது. ஒவ்வொரு பதார்த்தமாகப் பணியாள் பக்கத்தில் கொண்டுவந்து பரிமாறுவார். மேஜை நடுவில் இடம் காலி. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் பூவும் கண்ணாடியும். 1861இல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தின் மேஜை அலங்காரப் போட்டியில் மார்ச் என்பவர் கண்ணாடித் தட்டுகளை அடுக்கிச் செய்த பூ ஸ்டாண்டுக்குப் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு வசதியுள்ள வீடுகளில் இது ஒரு பைத்தியமாகவே பரவியது. முதல் உலகப்போரோடு மவுசு போய்விட்டது. கழுவ ஆள் வேண்டுமே, பட்லர் தாத்தாவைக் கேட்டால் தெரியும்.

மற்ற சாத்தியங்களையும் பார்த்துவிடலாம். கணக்கர் சொன்ன பீர் கிளாஸ் கிட்டத்தட்ட ஒரு கஜ நீளம், அடியில் குண்டு இருக்கும். இது அதில்லை. விளக்குக் கூண்டு என்றால் அடி திறந்திருக்க வேண்டும். அந்தக் கால மோட்டார் காருக்குள் பூ வைக்கக் கூர்முனைக் கண்ணாடிக் குவளை மாட்டுவார்கள். வடிவத்தில் அது ரொம்பக் கிட்டே வரும், நிறையப் பேர் ஏமாறுவது அதில்தான். ஆனால் அது சாண் அளவுக்குள் முடிந்துவிடும். 14 அங்குலத்தில் ஒன்றை மாட்டினால் கார் திரும்பும்போது டிரைவர் காதில் குத்தும்.

இப்போது டெக்கரேட்டர் தம்பிக்கு. ஃபிரோசாபாத் சரக்கு பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வெளுப்பு ஸ்ப்ரே வெளுப்பு இல்லை. இந்தச் சிவப்பு தங்கத்திலிருந்து வருவது. தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்து, அந்தக் கரைசலில் மிகச் சிறிதளவு கண்ணாடிக் கலவையில் சேர்ப்பார்கள். உலையிலிருந்து எடுத்து ஆறவிட்டால் நிறமே இருக்காது. மறுபடி சூடு காட்டும்போதுதான், உள்ளே தங்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகத் திரண்டு சிவப்பு ஏறும். அந்த நிமிடம் எந்தக் கண்ணாடிக்காரனுக்கும் அலுக்காது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் யோஹான் குங்கெல் என்பவர் இந்தச் சிவப்பில் பேர் வாங்கினார். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இதன் வெளிர் ரகம் வீட்டுக்கு வீடு புகுந்தது. கிரான்பெர்ரி என்று இன்றைக்குச் சொல்வது அதைத்தான்.

தங்கம் விலை அதிகம் என்பதால் முழுக்கண்ணாடியையும் சிவப்பாகச் செய்ய மாட்டார்கள். ஊதுகுழலில் முதலில் கொஞ்சம் சிவப்பை எடுத்து, அதன்மேல் தெளிந்த கண்ணாடியைப் போர்த்தி, சேர்த்து ஊதுவார்கள். சிவப்பு உள்பக்கம் மெல்லிய தோலாக நிற்கும். வாய்ப்பக்கம் அகலமாக விரிய விரிய அந்தத் தோல் மெலிந்து வெளுக்கும். முனையில் சுருங்கி நிற்பதால் கறுக்கும். கணக்கர் சார், வாயோரத்தை வெளிச்சத்துக்கு நேரே, விளிம்பு பக்கவாட்டில் தெரியும்படி பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு ரோஸ் கோடு, வெளியே நிறமில்லாத கண்ணாடி, இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஸ்ப்ரே என்றால் கோடு தெரியாது, நகக்கீறல் விழுந்த இடத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும்.

அந்தக் கொடியை எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். உதவியாள் கம்பி நுனியில் உருகிய கண்ணாடி கொண்டுவருவார். முதலில் தொட்ட இடம்தான் உங்கள் தடித்த பொட்டு. மேஸ்திரி குழலை உருட்ட உருட்ட அது சுற்றிக்கொண்டே ஏறும், தீரும் இடத்தில் இழுத்து அறுத்த வால். வெட்டு வெட்டான அடையாளம் இடுக்கியால் கிள்ளியது. எல்லாம் சில நொடிகளில் நடந்தாக வேண்டும். சுருக்கு ஒரே அளவில் இல்லை என்று நீங்கள் குறையாகச் சொன்னது எனக்கு சந்தோஷமான செய்தி. கையால் மடித்தது அது.

எங்கே செய்தது என்பதுதான் கஷ்டமான கேள்வி. இங்கிலாந்தில் ஸ்டவர்பிரிட்ஜ் சுற்றுவட்டாரமும் பர்மிங்காமும் இதில் பெரிய கைகள். தாமஸ் வெப், ஸ்டீவன்ஸ் அண்ட் வில்லியம்ஸ், ரிச்சர்ட்சன், ஜான் வால்ஷ் வால்ஷ் என்று பல பேர் செய்தார்கள். அதே சமயம் பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) செய்து ஏற்றுமதி செய்தார்கள். பெரும்பாலும் முத்திரை இருக்காது. வீட்டிலேயே பார்க்க இரண்டு சோதனை இருக்கிறது.

முதலாவது, புற ஊதா டார்ச். கள்ளநோட்டுப் பார்க்க விற்பார்களே, அது போதும். இருட்டில் கொடியின் மேல் அடியுங்கள். மஞ்சள்பச்சை என்பதால் யுரேனியம் கலந்த கண்ணாடியோ என்று சந்தேகம். அப்படியென்றால் அது கொழுந்துவிட்ட பச்சையில் ஒளிரும். மங்கலாக லேசாகத் தெரிந்தால் மாங்கனீசாக இருக்கலாம், அதை எண்ண வேண்டாம்.

இரண்டாவது, அடர்த்தி. ஆங்கிலேயர் தரமான மேஜைக் கண்ணாடியில் ஈயம் நிறையச் சேர்த்தார்கள். அடர்த்தி 3ஐத் தொடும், தாண்டும். பொஹீமியக் கண்ணாடியில் ஈயம் இல்லாமல் பொட்டாஷும் சுண்ணாம்பும்தான், 2.5 வாக்கில் நிற்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பாத்திரத்தோடு தராசில் ஏற்றுங்கள். குழலை நூலில் கட்டி முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, உள்ளே காற்று தங்கக் கூடாது. தராசு எவ்வளவு ஏறுகிறதோ அதால் 420ஐ வகுங்கள். கணக்கருக்கு வகுத்தல் சொல்லித்தர வேண்டியதில்லை.

குன்னூர் கணக்கர் எழுதியது:

திருச்சி சார், படித்துவிட்டு ராத்திரி தூக்கம் போனது. வரிசையாகச் சொல்கிறேன்.

விளிம்பு: ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நீங்கள் சொன்னபடியே உள்பக்கம் மெல்லிய ரோஸ் கோடு, வெளியே நிறமே இல்லாத கண்ணாடி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, தங்கம்னு சொல்றாங்க, கிராம் எவ்வளவு?" என்றாள்.

டார்ச்: பக்கத்து வீட்டுத் தம்பி காலேஜில் விலங்கியல் படிக்கிறான். தேள் தேட ஒரு ஊதா டார்ச் வைத்திருக்கிறான், அதில் தேள் பச்சையாக மின்னுமாம். அவனையே கூட்டிவந்து, குளியலறைக் கதவைச் சாத்தி அடித்தோம். குழல் எங்கே போனது என்றே தெரியவில்லை, இருட்டோடு இருட்டு. கொடி மட்டும் பொட்டிலிருந்து வால் வரை பச்சையாக அந்தரத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. மங்கலெல்லாம் இல்லை சார், எங்கள் இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம் தெரிந்தது. இன்னொன்று: வாயோரச் சுருக்கின் விளிம்பிலும் நூல் அளவுக்கு ஒரு பச்சைக் கோடு ஓடியது. பகலில் எவ்வளவு பார்த்தும் அது கண்ணில் பட்டதே இல்லை. தம்பி தேளை மறந்துவிட்டு இரண்டு மணி நேரம் வீடியோ எடுத்தான்.

அடர்த்தி: மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு 5 கிராம் சுத்தமாகக் காட்டும். கல்யாண அண்டா ஒன்றில் தண்ணீர் நிரப்பி ஏற்றி, சைபர் அமுக்கி, குழலைச் சாய்த்து இறக்கினேன். காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறியதும் 135 காட்டியது. திரும்பச் செய்தபோதும் அதுவே. 420ஐ 135ஆல் வகுத்தால் 3.11. தராசு 5 கிராம் முன்னே பின்னே இருந்தாலும் 3க்குக் கீழே வராது, போட்டுப் பார்த்துவிட்டேன். கடைக்காரர், "தங்கமா சார் பாக்குறீங்க?" என்றார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இப்போது கேள்விகள். யுரேனியம் என்றதும் வீட்டில் லேசான பீதி, ரவையைத் தூக்கிப் போட்டாயிற்று. அது ஆபத்தா? அப்புறம், இது எப்படி இந்த மலைக்கு வந்திருக்கும்? முத்திரை இல்லாவிட்டால் கம்பெனி பேர் கண்டுபிடிக்கவே முடியாதா?

திருச்சி ஊதுகுழல் எழுதியது:

பாவம் அந்த ரவை. யுரேனியம் கண்ணாடிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது, அளவும் சொற்பம். அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. அரைத்துத் தூளாக்கி முகராதவரை பயம் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் யுரேனியம் என்றால் அணுகுண்டு ஞாபகம் யாருக்கும் வராது, அது ஒரு சாயப்பொருள், அவ்வளவுதான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அரசாங்கங்கள் யுரேனியத்தைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கண்ணாடிக்காரர்களுக்குக் கிடைக்காமல் போனது. இப்போது மறுபடி கொஞ்சம் கொஞ்சம் செய்கிறார்கள். அதனால் ஒளிர்ந்தாலே பழசு என்று அடித்துச் சொல்லக் கூடாது. நீங்கள் முனை, நிறம், கொடி, எடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சேர்த்துப் பார்த்தால் எனக்கு சந்தேகம் இல்லை: ஆங்கில ஈயக் கண்ணாடி, ஸ்டவர்பிரிட்ஜ் அல்லது பர்மிங்காம் வேலை. காலம் 1880களிலிருந்து 1900களின் ஆரம்பத்துக்குள் என்பது என் கணிப்பு. கிரான்பெர்ரி உடம்பும் யுரேனியக் கொடியும் சேர்ந்தது அந்தக் காலத்து ருசி. விளிம்பில் தனியாக ஒரு யுரேனியக் கரை வைத்திருக்கிறார்கள் என்றால் மலிவுச் சரக்கு இல்லை. 14 அங்குலம் என்பதால் நடுக்குழலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது நேராக நிற்கும். பக்கக் குழல்கள் குட்டையாக, பெரும்பாலும் முனைக்கு மேலே ஒரு வளைவோடு இருக்கும். உங்களுடையதில் வளைவு இல்லை.

கம்பெனி பேரை நான் சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்து "இது வெப்" என்று சொல்பவர்கள் இணையத்தில் நிறைய உண்டு. ஒரே வட்டாரத்தில் மேஸ்திரிகள் ஒரு உலையிலிருந்து இன்னொரு உலைக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள், வடிவங்களும் கூடவே போயின. 1884க்குப் பிறகு பதிவு செய்த டிசைன்களில் சில நேரம் ஆர்டி என்ற எழுத்தும் ஒரு நம்பரும் பொறித்திருக்கும். அப்படி நம்பர் இருந்தால் பழைய பதிவேட்டில் தேதியையும் உரிமையாளரையும் பிடித்துவிடலாம். சொரசொரப்பான பகுதிக்குச் சற்று மேலே ஒரு தடவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் இல்லை, விட்டுவிடுங்கள்.

மலைக்கு எப்படி வந்தது? கல்கத்தாவில் ஆஸ்லர் கம்பெனி 1840களிலேயே கண்ணாடிக் கடை வைத்திருந்தது. ஆனால் அவர்கள் பேர் பெற்றது பட்டை தீட்டிய வெள்ளைக் கண்ணாடி, சரவிளக்கு, மகாராஜாக்களுக்கான நாற்காலி மேஜை. இது அந்த ரகம் இல்லை. எனக்குத் தோன்றுவது, கல்யாணமாகிக் கப்பல் ஏறி வந்த ஏதோ ஒரு துரைசாணியின் சீர்வரிசைப் பெட்டி. குழல்களைக் கழற்றித் தனித்தனியாக வைக்கோலில் சுற்றலாம் என்பது இந்த ஸ்டாண்டுக்கு ஒரு வசதி.

மணவறை டெக்கரேட்டர் எழுதியது:

திருச்சி ஐயா, விளக்கத்துக்கு நன்றி. வியாபாரி கேள்வி ஒன்று: ஒற்றைக் குழலுக்கு மார்க்கெட் உண்டா? எங்களிடம் ஒரு ஜாடி உடைந்தால் செட்டே குப்பைக்குத்தான் போகும்.

திருச்சி ஊதுகுழல் எழுதியது:

உண்டு தம்பி. முழு ஸ்டாண்டு வைத்திருப்பவரிடம் ஒரு குழல் உடைந்திருக்கும், அவர் அதே நிறத்தில், அதே உயரத்தில், அதே முனை அளவில் ஒன்றைத் தேடிக்கொண்டே இருப்பார். அப்படி ஒருவர் அமைந்தால் நல்ல விலை. அமையாவிட்டால் முழு ஸ்டாண்டின் விலையில் சின்னப் பங்குதான் தேறும். அதனால் விற்பவர்கள் முதலில் எழுதுவது முனையின் விட்டத்தைத்தான். அதனால்தான் கணக்கர் சார், முனையை மட்டும் யாரிடமும் கொடுத்துத் தேய்க்கவோ பாலிஷ் போடவோ வேண்டாம்.

சுத்தம் செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் தண்ணீர் கலந்த வினிகரும் மெத்தென்ற பாட்டில் பிரஷ்ஷும் போதும். வெந்நீர் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால் அந்தச் சுருக்கின் மடிப்பிலிருந்துதான் விரிசல் ஓடும். மிச்சமிருக்கும் பிளாஸ்டரை அப்படியே விடுங்கள். அடுத்து யார் கைக்குப் போனாலும் அது ஒரு சாட்சி.

குன்னூர் கணக்கர் எழுதியது:

லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நம்பர் இல்லை. விற்கும் உத்தேசமும் இல்லை. பச்சையாக மின்னுவதைப் பார்த்த பிறகு வீட்டில் கட்சி மாறிவிட்டது. வாசல் ஹாலில் வைக்க வேண்டுமாம், பூவும் வைக்க வேண்டுமாம்.

ஈட்டிக் கட்டைத் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊட்டியில் ஒரு லேத்காரர் பித்தளைக் குப்பி கடைந்து தருகிறேன் என்கிறார். உள்விட்டம், ஆழம், கட்டையின் அகலம் மூன்றும் கேட்கிறார். முனை வெர்னியரில் 19 மி.மீ., அதற்கு ஒரு அங்குலம் மேலே 23. குழலை உள்ளே வைத்து அரால்டைட் பசை போட்டு ஒட்டிவிடலாமா என்றும் கேட்டார்.

திருச்சி ஊதுகுழல் எழுதியது:

அரால்டைட் கூடவே கூடாது. பித்தளை சூட்டில் விரியும் அளவு வேறு, கண்ணாடி விரியும் அளவு வேறு. இரண்டையும் கெட்டியாகப் பிடித்து வைத்தால் ஒருநாள் கண்ணாடிதான் விட்டுக்கொடுக்கும். உருவி எடுக்கிற மாதிரிதான் இருக்க வேண்டும், கழுவவும் அதுதான் வசதி.

குழல் சரிந்து ஒடுங்குவதால் குப்பியையும் உள்ளே சரிவாகக் கடையச் சொல்லுங்கள்: அடியில் 21, வாயில் 27, ஆழம் 38 மி.மீ. உள்ளே சுற்றிலும் ஒரு மி.மீ. கனத்துக்கு ஃபெல்ட் துணி, அடியில் ஒரு வட்டம் கார்க். கட்டை குழலின் வாயைவிட அகலமாக இருக்கட்டும், 6 அங்குலமாவது வேண்டும். தண்ணீரும் பூவும் சேர்ந்தால் பாரம் முழுக்க மேலேதான். கட்டை லேசாகத் தோன்றினால் அடியில் குடைந்து ஈயத் தகடு வைத்து மூடுங்கள். தண்ணீரைப் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். குப்பியைக் கட்டையில் திருகு போட்டு இறக்கும்போது, கண்ணாடி பக்கத்து அறையில் இருக்கட்டும்.